வரைந்து பார்க்காத புள்ளியியல்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் போனால் வழியில் வருவது தண்டலம். பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரியும் உள்ள ஊர். அதையடுத்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் தொழிற்பேட்டைகள் விரிகின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி எல்லாம் இங்கே உருவாகின்றன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு, நடுத்தர ஆலைகள் வேறு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் மைக்ரோமீட்டரையோ கேஜையோ பிடித்துக்கொண்டு யாராவது ஒருவர் ரீடிங் எழுதுகிறார். புள்ளியியல் கற்றுத்தர இதைவிடத் தோதான இடம் நாட்டில் அதிகம் இருக்காது. ஆனால் இந்தச் சாலையோரம் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கநிலைப் புள்ளியியலைப் பற்றி ஓர் எண்ணம் ஆழமாக ஊன்றிக் கிடக்கிறது. புள்ளியியல் என்றால் கருதுகோள் சோதனை. சூத்திரத்தில் எண்களைப் போட்டு, வந்த விடையை அட்டவணை மதிப்போடு ஒப்பிட்டு, கருதுகோளை ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று எழுதத் தெரிந்தால் புள்ளியியல் தெரிந்துவிட்டது. வரைபடம் போடுவது எட்டாம் வகுப்புச் சமாச்சாரம், அதற்கெல்லாம் கல்லூரி நேரத்தைச் செலவழிக்க முடியாது. கற்பிக்கிறவர் இதை நம்புகிறார், படிக்கிறவர் நம்புகிறார், வேலைக்கு ஆளெடுக்க வருகிறவரும் நம்புகிறார். இந்த நம்பிக்கை தவறானது. ஏட்டளவில் மட்டும் தவறு என்றால் விட்டுவிடலாம். மெஷினும் மனிதரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இது பொருள் நட்டத்துக்கும் ஆள்மீதான அநியாயத்துக்கும் வழிவிடுகிறது என்பதே என் வாதம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி முதலாண்டில் வரும் ‘புள்ளியியலும் எண்சார் முறைகளும்’ என்ற தாளை எடுத்துக்கொள்வோம். ஐந்து அலகுகள். முதல் அலகே கருதுகோள் சோதனைதான்: ஒற்றைச் சராசரி, இரு சராசரிகளின் வேறுபாடு, விகிதம், மாறுபாடு, கை வர்க்கம். இரண்டாவது அலகு பரிசோதனை வடிவமைப்பு: ஒருவழி, இருவழி வகைப்பாடு, லத்தீன் சதுரம். மீதி மூன்று அலகுகளும் எண்சார் முறைகள். கைக்கு வந்த தரவை முதலில் எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதில் தனி இடம் இல்லை. தொடர்புப் போக்குக்கும் (ரிக்ரெஷன்) இடமில்லை. அதைச் சில துறைகளுக்கான ‘நிகழ்தகவும் புள்ளியியலும்’ தாளில் தேட வேண்டும். அங்கே இருமாறிப் பரவல்களின் தொகையிடல் கணக்குகளுக்கு நடுவே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேர்வுக் கேள்வியின் வடிவமோ படித்த எவருக்கும் மனப்பாடம். ‘ஓர் இயந்திரம் செய்யும் பொருள்களிலிருந்து எடுத்த பத்துப் பொருள் கொண்ட சமவாய்ப்பு மாதிரியின் சராசரி இவ்வளவு, திட்ட விலக்கம் இவ்வளவு, 5 சதவீத மட்டத்தில் சோதிக்க.’ பத்து ரீடிங்கும் மாணவரின் கண்ணிலேயே படுவதில்லை. யாரோ முன்கூட்டியே சுருக்கித் தந்த இரண்டு எண்கள்தான் அவருக்குக் கிடைக்கின்றன. சுருக்கும்போது எது தொலைந்தது என்று கேட்கவே முடியாதபடி கேள்வி அமைந்திருக்கிறது.

எது தொலைகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஷாஃப்ட். டாலரன்ஸ் மேலும் கீழும் 50 மைக்ரான். சிஎன்சி மெஷினிலிருந்து மணிக்கு ஒரு பீஸ் எடுத்து அளக்கிறார்கள். பத்து மணி நேரத்தில் வந்த விலகல்கள் மைக்ரானில் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: −20, −15, −10, −10, 0, 0, 10, 10, 15, 20. சராசரி விலகல் பூஜ்யம். திட்ட விலக்கம் 13.5. டி சோதனை போட்டால் விடை சுத்தமான பூஜ்யம். இன்மைக் கருதுகோளை மறுக்க எந்த முகாந்திரமும் இல்லை, தேர்வில் முழு மதிப்பெண். இனி இதே பத்து எண்களையும் அளந்த வரிசையில், கிடைமட்டத்தில் நேரத்தை வைத்துப் புள்ளியிட்டுப் பாருங்கள். புள்ளிகள் ஏறிக்கொண்டே போகின்றன. வெட்டும் இன்செர்ட் தேய்கிறது, விட்டம் கூடுகிறது. ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால் மணிக்கு ஏறத்தாழ 4.4 மைக்ரான் ஏற்றம். இதே வேகத்தில் இன்னும் ஏழு மணி நேரத்துக்குள் பீஸ் டாலரன்ஸைத் தாண்டிவிடும். தேய்மானம் கடைசிக் கட்டத்தில் வேகமெடுக்கும் என்பதால் ஏழு மணி நேரம் என்பதுகூடத் தாராளமான மதிப்பீடு. இப்போது அதே எண்கள் வேறு வரிசையில் வந்திருந்தால் என்ன? 10, 0, −15, −10, 15, 20, 0, 10, −20, −10. சராசரி அதே, திட்ட விலக்கம் அதே, டி மதிப்பும் அதே பூஜ்யம்தான். ஆனால் இங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை; மெஷினின் இயல்பான அலைவு மட்டுமே இருக்கிறது. இங்கே ஒவ்வொரு ரீடிங்கையும் பார்த்து ஆஃப்செட் கொடுத்து மெஷினைத் திருத்தப் போகும் ஆப்பரேட்டர், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மாறுபாட்டை இரண்டு மடங்காக்கிவிடுவார். தரக்கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் தன் புனல் பரிசோதனையால் காட்டியது இதைத்தான். முதல் வரிசை வந்தால் டூலை மாற்ற வேண்டும், இரண்டாவது வந்தால் மெஷினில் கை வைக்கக் கூடாது. நேர் எதிரான இந்த இரண்டு முடிவுகளையும் பிரித்துக்காட்ட டி சோதனையால் முடியவில்லை, வெறும் பத்துப் புள்ளிகளால் முடிகிறது.

ஆலையில் யார் டி சோதனை போடுகிறார்கள், அங்கே கேபபிலிட்டி ஸ்டடிதானே என்று தொழில் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். சரி, அதையும் பார்ப்போம். வாகன உதிரிபாகத் தொழிலில், ப்ராசஸ் டாலரன்ஸுக்குள் எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் சிபிகே எண் 1.33க்கு மேல் வேண்டும், புதிய பார்ட் ஒப்புதலுக்கு 1.67க்கு மேல் வேண்டும் என்பது பழகிப்போன வரம்பு. தனித்தனி ரீடிங்குகளைக் கொடுத்தால், அடுத்தடுத்த ரீடிங்குகளின் வித்தியாசத்தை வைத்துக் குறுகியகால விலக்கத்தைக் கணித்து அதிலிருந்து சிபிகே எடுப்பது மென்பொருள்களின் வழக்கம். நம் முதல் வரிசையில், அதாவது இன்செர்ட் தேய்ந்துகொண்டே போகும் வரிசையில், அடுத்தடுத்த ரீடிங்குகள் நெருக்கமாக இருப்பதால் சிபிகே ஏறத்தாழ 4.2 வரும். எந்தக் கஸ்டமரும் மகிழ்ந்துபோகும் எண். ஒழுங்காக ஓடும் இரண்டாவது வரிசைக்கு 1.3தான் வரும், 1.33ஐ எட்டவில்லை என்று திருப்பி அனுப்பப்படும். மொத்த விலக்கத்தை வைத்துக் கணக்கிடும் பிபிகே இரண்டுக்கும் ஒரே 1.23. ஆக, பழுதாகிக்கொண்டிருக்கும் மெஷின் தேறுகிறது, நல்ல மெஷின் தோற்கிறது. கையேடுகளைக் குறை சொல்ல முடியாது; முதலில் நேர வரிசையில் புள்ளியிட்டு எல்லைக்கோடுகள் வரையும் கன்ட்ரோல் சார்ட் போட்டு, ப்ராசஸ் நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேபபிலிட்டி கணக்கிட வேண்டும் என்று அவை சொல்கின்றன. பார்ப்பதைத் தாண்டிக் குதித்துக் கணக்குக்குப் போகும் பழக்கம் வகுப்பறையில் பிடித்தது. அது ஆலை வாசலில் உதிர்ந்துவிடுவதில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் ‘சமவாய்ப்பு மாதிரி’ என்ற சொற்றொடரைக் கேள்வித்தாள் இலவசமாகக் கொடுத்துவிடுவதில் இருக்கிறது. டி சோதனையின் நம்பகம் முழுவதும் அதன் தலையில்தான் நிற்கிறது: எடுத்தவை ஒன்றையொன்று சாராதவை, ஒரே பரவலிலிருந்து வந்தவை. தொழிற்சாலைத் தரவு கிட்டத்தட்ட எப்போதும் இந்த நிபந்தனையை மீறியே பிறக்கிறது. காலை ஷிஃப்டின் முதல் பீஸ் மெஷின் சூடேறாதபோது வருகிறது, மதியம் வருவது சூடேறிய மெஷினிலிருந்து. ஒரே பேட்ச் கம்பியில் வெட்டியவை ஒன்றுபோல இருக்கும், பேட்ச் மாறினால் மாறும். ரீடிங் எடுக்கிறவர் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிறார். இதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. அதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவரும் டெமிங்தான். கிடங்கில் இருக்கும் சரக்கு எவ்வளவு நல்லது என்பது ஒரு வகைக் கேள்வி. நாளை இந்த மெஷின் எப்படிச் செய்யும் என்பது வேறு வகை. முதல் கேள்விக்கு ஒரு முழுத்தொகுதி இருக்கிறது, அதிலிருந்து மாதிரி எடுக்கலாம். இரண்டாவது கேள்விக்கான தொகுதி இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காததிலிருந்து யாரும் சமவாய்ப்பு மாதிரி எடுக்க முடியாது. நேற்று ஓடியபடியே நாளையும் ஓடும் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம் என்பதுதான் அங்கே கேள்வி, அந்த ஆதாரத்தை நேர வரிசைதான் தர முடியும். பாடப்புத்தகம் இந்த இரண்டு வகைக் கேள்வியையும் ஒரே சூத்திரத்துக்குள் தள்ளுகிறது.

வரைபடம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்று சொல்கிறவர்கள் இந்தியப் புள்ளியியலின் கதையையாவது கொஞ்சம் புரட்ட வேண்டும். 1926இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் குழு சொன்னது. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஏறக்குறைய 60 ஆண்டுகளின் மழை, வெள்ளத் தரவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். படுகை உயரவே இல்லை என்றும், மேல்நீர்ப்பிடிப்பில் பெய்த அளவுகடந்த மழைதான் காரணம் என்றும் காட்டினார். கரையை உயர்த்துவதால் பயனில்லை என்று ஆகிவிட்டது. பொறியாளர்களிடம் சூத்திரத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை; பழைய தரவை விரித்துப் பார்க்கும் பொறுமைதான் இல்லாமல் போனது. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அதே மகலனோபிஸ் தன் கடைசிக் காலத்தில் உருவாக்கிய முறை எது? குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளை ஒப்பிடுவதற்கான ஒரு வரைபட முறை. 1960இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வெளிவந்தது. கன்ட்ரோல் சார்ட்டைக் கண்டுபிடித்த வால்டர் ஷூவார்ட் 1924 மே மாதம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தன் மேலதிகாரிக்குக் கொடுத்த குறிப்பு ஒரே ஒரு பக்கம், அதன் மையம் ஒரு வரைபடம். அவர் மகலனோபிஸின் அழைப்பில் 1947–48இல் இந்தியா வந்து தங்கி, தரக்கட்டுப்பாட்டு இயக்கத்துக்கு இங்கே அடிபோட்டார். ஜான் டூக்கி 1977இல் தரவை ஆராய்ந்து பார்ப்பதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இவர்கள் எல்லாம் கணிதம் போதாமல் வரைபடத்துக்குப் போனவர்கள் இல்லை.

சாலையின் மறுபக்கம், அதாவது ஆலைப் பக்கம், இன்னும் வேடிக்கையானது. ஜப்பானில் இஷிகாவா தொழிலாளர்களுக்கென்று தொகுத்த ஏழு தரக் கருவிகள் இன்று எந்த ஆலையின் பயிற்சி அறையிலும் சுவரில் தொங்கும்: சரிபார்ப்புத் தாள், பரேட்டோ படம், காரண–விளைவுப் படம், நிகழ்வுச் செவ்வகம், சிதறல் வரைபடம், கன்ட்ரோல் சார்ட், வகை பிரித்துப் பார்த்தல். ஏழில் ஒன்றுகூடக் கருதுகோள் சோதனை இல்லை. பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் இந்தியாவிலேயே முதலாவதாக டெமிங் பரிசு பெற்றது, 2002இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. அந்தப் பாதையில் இந்த எளிய கருவிகள் அன்றாட வேலையாக இருந்தன. பத்தாம் வகுப்போ ஐடிஐயோ முடித்துத் தரவட்டத்தில் (குவாலிட்டி சர்க்கிள்) உட்காரும் தொழிலாளி சிதறல் வரைபடம் போடுகிறார், பி.இ. முடித்த அவருடைய சூப்பர்வைசர் அதைக் கல்லூரியில் போட்டதே இல்லை. ஆலைகளைத் தலையில் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. ஆடிட்டுக்கு முந்தைய இரவு ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நிரப்பப்படும் சார்ட் என்பது தொழிலில் எல்லோரும் அறிந்த ரகசியம். ஆனால் அந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பதும் பார்க்கிற கண்தான். 1986இல் வந்த ‘அவுட் ஆஃப் தி கிரைசிஸ்’ நூலில் டெமிங் ஓர் ஆலையைச் சொல்கிறார். தினசரிக் குறைபாட்டு விகிதம் சராசரியாக 8.8 சதவீதம்; புள்ளிகள் எல்லாம் கட்டுப்பாட்டு எல்லைக்குள், அதிலும் தற்செயல் அனுமதிப்பதைவிட நெருக்கமாக. தரம் நிலையாக இருக்கிறது என்று யாரும் எழுதிவிடுவார்கள். உண்மை என்னவென்றால், விகிதம் என்றாவது 10 சதவீதத்தைத் தொட்டால் ஆலையை மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. முந்நூறு பேரின் வேலையைக் காப்பாற்ற இன்ஸ்பெக்டர் எண்களைத் தாழ்த்தி எழுதிவந்தார். சராசரி மீது எத்தனை சோதனை போட்டாலும் இந்தப் பயம் வெளியே வந்திருக்காது.

இதற்கு எதிராக எழும் ஆட்சேபங்களில் கனமானது ஒன்றுதான். வரைபடம் பார்ப்பவரின் விருப்பத்துக்கு வளையும். மேகத்தில் யானை தெரிவதுபோல இல்லாத போக்கும் தெரியும். கருதுகோள் சோதனை இந்த மயக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் வந்தது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு தரவில் வடிவத்தைத் தேடிப் பிடித்துவிட்டு, அதே தரவில் பி-மதிப்பைக் கணக்கிட்டு ‘நிரூபித்துவிட்டேன்’ என்பது மோசடிக்கு அடுத்த வீடு. ஆனால் சூத்திரத்தை மட்டும் படித்தவருக்கு இந்த நோய் வராது என்பது கற்பனை. எந்த ரீடிங்கைத் தவறு என்று நீக்குவது, எந்த இரண்டு ஷிஃப்டை ஒப்பிடுவது, ஒருபக்கச் சோதனையா இருபக்கமா, எத்தனை ரீடிங்கோடு நிறுத்துவது என்ற முடிவுகள் எல்லாம் சோதனைக்கு முன்னாலேயே எடுக்கப்படுகின்றன, சூத்திரம் அவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. 5 சதவீதம் என்ற எல்லையே புள்ளியியலாளர் ஃபிஷர் 1925இல் வசதிக்காகச் சொன்ன அளவு; அது சட்டமாகிவிட்டதன் விளைவைப் பார்த்துப் பார்த்துத்தான் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் பி-மதிப்பைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டு, அந்த ஓர் எல்லையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. மயக்கத்துக்கு மருந்து, பார்ப்பதைத் தடைசெய்வதில் இல்லை. ஒரு தரவில் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும், வேறொரு தரவில் சோதிக்க வேண்டும். ஆராய்ச்சி மருத்துவருக்கு இது கடினம். இன்னொரு நூறு நோயாளிக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஒரகடத்தில் அடுத்த தரவு அடுத்த ஷிஃப்டிலேயே வந்துவிடுகிறது. உலகத்தில் எங்கேயாவது தயக்கமில்லாமல் முதலில் பார்த்துப் பிறகு சோதிக்க முடியும் என்றால் அது இங்கேதான். அனுமானத்தை நான் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதன் முறை வரும்வரை அது காத்திருக்க வேண்டும் என்கிறேன்.

தொடர்புப் போக்கில் இந்த வரிசைக்கேடு ஆட்களைச் சுடுகிறது. நம் மாணவருக்கு அது எப்படி அறிமுகமாகிறது? எக்ஸ் மீது ஒய், ஒய் மீது எக்ஸ் என்று இரண்டு கோடுகள். அவை வெட்டும் புள்ளியிலிருந்து சராசரிகளைக் கண்டுபிடி, கெழுக்களின் பெருக்கலிலிருந்து ஒட்டுறவைக் கண்டுபிடி. வாழ்க்கையில் எவருக்கும் இரண்டு கோடுகள் கையில் கிடைத்துச் சராசரி மட்டும் காணாமல் போனதாகத் தெரியவில்லை. எச்சங்களை வரைந்து பார்ப்பது, கோடு பொருந்துமா என்று கேட்பது, மூன்றாவது காரணி ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. இப்படிப் படித்தவர் ஆலைக்குப் போய் இரவு ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் அதிகம், கான்ட்ராக்ட் ஆட்கள் விகிதமும் அதிகம் என்று இரண்டு பத்தி எண்களைக் கண்டால், கெழுவைக் கணக்கிட்டு, அது 5 சதவீத மட்டத்தில் குறிப்பிடத்தக்கது என்று வந்ததும் பழியைக் கான்ட்ராக்ட் தொழிலாளி மேல் எழுதிவிடுவார். பழைய மெஷின்கள் எந்த ஷிஃப்டில் ஓடுகின்றன, மெயின்டனன்ஸ் ஆட்கள் இரவில் எத்தனை பேர், கேஜ் கடைசியாக எப்போது கேலிபரேட் ஆனது என்று பிரித்துப் போட்டுப் பார்த்தால் கதை மாறலாம். ஃபிஷர் கொடுத்த கூர்மையான ஆயுதம் ஒன்று இதற்கே இருக்கிறது: யார் எந்த மெஷினில் என்பதைச் சீட்டுப் போட்டு மாற்றிப் பாருங்கள். பாடத்திட்டத்தின் இரண்டாவது அலகு அதைத்தான் பேச வேண்டும். பேசுவது வர்க்கங்களின் கூட்டுத்தொகை அட்டவணையை எப்படி நிரப்புவது என்பதை.

கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்துக் காட்டிய உண்மை ஒன்று தொடர்புப் போக்கின் ஆங்கிலப் பெயருக்கே காரணமானது: மிக உயர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கி வருவார்கள். ஆலையின் மாதப் பலகையில் இது மாதந்தோறும் நடக்கிறது. போன மாதம் ரிஜெக்‌ஷனில் கடைசியாக வந்த லைனைக் கூப்பிட்டுத் திட்டினால் இந்த மாதம் அது பெரும்பாலும் மேம்படும். முதலிடம் வந்து பரிசு வாங்கிய லைன் பெரும்பாலும் இறங்கும். திட்டியது வேலை செய்தது, பாராட்டியது கெடுத்தது என்று மேலாளர் முடிவுக்கு வருவார். இரண்டும் நடந்திராவிட்டாலும் எண்கள் இப்படியே நகர்ந்திருக்கும். டெமிங் தன் பயிலரங்குகளில் ஒரு பெட்டி மணிகளை வைத்து இதை நடித்தே காட்டுவார். ஐந்தில் ஒன்று சிவப்பு. ஐம்பது குழி உள்ள கரண்டியால் ஒவ்வொருவரும் அள்ள வேண்டும், சிவப்பு வந்தால் குறை. ஒருவருக்கு 6 வரும், இன்னொருவருக்கு 14 வரும். முதலாமவருக்குப் பாராட்டு, இரண்டாமவருக்கு எச்சரிக்கை. இருவரும் செய்தது ஒரே வேலை. மூன்று மாதத்து எண்களைச் சார்ட்டில் போட்டு எல்லைக்கோடுகளை வரைந்து பார்க்கத் தெரிந்த ஒரு சூப்பர்வைசர் இருந்தால் ஒரு ட்ரெய்னியின் வேலை தப்பும். இதனால்தான் இது வெறும் பாடத்திட்டச் சண்டை இல்லை என்கிறேன்.

கணினி வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். செயற்கை நுண்ணறிவிடம் கோப்பைக் கொடுத்தால் சோதனையையும் வரைபடத்தையும் அதுவே போட்டுவிடும். போடட்டும். கணக்குப் போடும் உழைப்பு மிச்சமானால் பார்க்க நேரம் கிடைக்கிறது. என் வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது. தரவு பெருகும்போது சோதனையின் குறைதான் பெரிதாகிறது. கேமரா மூலம் அளக்கும் லைனில் 10,000 ரீடிங் சேர நேரம் பிடிக்காது. திட்ட விலக்கம் அதே 13.5 மைக்ரான், சராசரி இலக்கிலிருந்து 0.3 மைக்ரான் விலகியிருக்கிறது என்றால், சோதனை மதிப்பு 2.2; 5 சதவீத மட்டத்தில் கருதுகோள் மறுக்கப்படும். சாதாரண மைக்ரோமீட்டரின் மிகச்சிறிய அளவே 10 மைக்ரான். கருவியின் கண்ணுக்கே தெரியாத ஒரு விலகலை ‘குறிப்பிடத்தக்கது’ என்று சொல்லும் சோதனை, பத்து ரீடிங்கில் இன்செர்ட் தேய்ந்துபோவதைப் பார்த்துப் ‘பிரச்சினை இல்லை’ என்று சொன்னது. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இந்த இரண்டு தீர்ப்பையும் அது நேர்த்தியாக அச்சிட்டுத் தரும். எவ்வளவு விலகல் இருந்தால் பொருட்படுத்த வேண்டும் என்பதை டாலரன்ஸ் தெரிந்த மனிதர்தான் சொல்ல முடியும்.

மிஞ்சுவது நடைமுறை ஆட்சேபம்: வகுப்பில் அறுபது பேர், செமஸ்டருக்குக் குறைந்த நாட்கள், கேள்வித்தாள் பல்கலைக்கழகத்துடையது, வரைபடத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது. இது ஆசிரியரின் உண்மையான நெருக்கடி, இதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மதிப்பெண் போட முடியாது என்பது சரியில்லை. மேலே சொன்ன இரண்டு வரிசைகளையும் கேள்வித்தாளில் அச்சிட்டு, எந்த மெஷினுக்கு டூல் மாற்றுவாய், ஏன் என்று கேட்டால் விடை நான்கு வரி. திருத்துவது டி சோதனையின் ஒரு பக்கக் கணக்கைத் திருத்துவதைவிட எளிது. தரவுக்கும் அலைய வேண்டாம். தண்டலத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை கூப்பிடு தூரம். சாலையின் இருபுறமும் உள்ள உதிரிபாக ஆலைகளில் பெயரையும் பார்ட் நம்பரையும் அழித்துவிட்டு ஒரு மாத ரீடிங்கைத் தரச் சம்மதிப்பவர்கள் இருப்பார்கள், இன்டர்ன்ஷிப் கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தானே. பாடத்திட்டக் குழுவிடம் என் கோரிக்கை, அடுத்த திருத்தத்தில் கருதுகோள் சோதனையை முதல் அலகிலிருந்து மூன்றாவதற்குத் தள்ளுங்கள். தரவைப் பார்ப்பதும் கோடு பொருத்தி எச்சத்தை ஆராய்வதும் முதல் இரண்டு அலகுகளாகட்டும், எண்சார் முறைகள் தனித் தாளுக்குப் போகட்டும். ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அகமதிப்பீட்டுத் தேர்வின் கேள்வியை எழுதுவது நீங்கள்தான். அடுத்த முறை ‘சமவாய்ப்பு மாதிரி’ என்று எழுத வரும்போது அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பத்து ரீடிங்கையும் அளந்த நேரத்தோடு கொடுங்கள். இது சமவாய்ப்பு மாதிரிதானா என்று முதல் உட்பிரிவில் கேளுங்கள்.